கீமோ முடிந்த மறுநாள்: சினைப்பைப் புற்றுநோயிலிருந்து மீண்ட இளம் பெண்களுக்காக ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர், துறைச் செயலாளர், மாவட்ட அரசு மருத்துவமனைகளின் மகளிர் நோய்ப் பிரிவுத் தலைவர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

இருபத்திரண்டு வயதில் சினைப்பைப் புற்றுநோய் வந்து, ஆபரேஷனும் கீமோவும் முடித்து ஒரு பெண் வீடு திரும்புகிறார். கையிலிருக்கும் மஞ்சப்பையில் ஸ்கேன் படங்கள், ஆங்கிலத்தில் ஒரு டிஸ்சார்ஜ் சம்மரி, ‘மூணு மாசம் கழிச்சு வாங்க’ என்று தேதி குறித்த ஓ.பி. சீட்டு. அவருக்கு முன்னால் இன்னும் ஐம்பது ஆண்டு வாழ்க்கை இருக்கிறது. அதை எப்படி வாழ்வது என்று அந்தப் பையில் ஒரு வரி கூட இல்லை.

இந்தப் பெண்களின் சிகிச்சைக்குப் பிந்தைய பராமரிப்பில் வேலை செய்யும் செவிலியர்கள், இயன்முறை மருத்துவர்கள், மனநல ஆலோசகர்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம். கேட்பது ஒன்றுதான். கடைசிச் சுற்றுக் கீமோ முடிவதற்குள், ஒவ்வொரு பெண்ணுக்கும் தமிழில் நிரப்பிய இரண்டு பக்கத் தாள் ஒன்று கையில் கிடைக்க வேண்டும். அதில் என்ன இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எங்கே எது கெடுகிறது என்பதைத்தான் கீழே சொல்கிறோம்.

‘தைரியமா இரும்மா’ என்று எல்லோரும் சொல்கிறார்கள். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இரவு நான்கு முறை வியர்த்து எழுந்திருப்பவருக்கும், விரல் மரத்துப்போய் சட்டைப் பொத்தானைப் போட முடியாதவருக்கும் தைரியம் எங்கிருந்து வரும்? சந்தோஷத்துக்கு உடலில் வேர் உண்டு. தூக்கம் திரும்பும்போது சிரிப்பு திரும்புகிறது. விரலில் உணர்வு வந்தால் பூக்கட்ட உட்காரத் தோன்றுகிறது. இந்தப் பெண்களின் மன உறுதியைப் பாராட்டிப் பேசுவதைவிட, அது ஊன்றி நிற்க வேண்டிய உடலைச் சரிசெய்து கொடுப்பது நம் வேலை.

முதலில் நோயின் பெயர். ‘ஓவரி கேன்சர்’ என்று மட்டும் எழுதிய தாளால் பிற்பாடு பயனில்லை, ஏனென்றால் அந்த ஒரே பெயருக்குள் வேறு வேறு நோய்கள் இருக்கின்றன. ஐம்பதைத் தாண்டியவர்களிடம் அதிகம் காண்பது, உறுப்பை மூடியிருக்கும் படலத்தின் செல்களில் தொடங்கும் எபிதீலியல் வகை. பதின்ம வயதிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் கூடுதலாக வருவது ஜெர்ம் செல் கட்டி. முட்டையாக வேண்டிய அணுக்களிலிருந்து கிளம்புவது. டிஸ்ஜெர்மினோமா, யோக் சாக் கட்டி, முதிராத டெரட்டோமா எல்லாம் இதில் அடக்கம். சில வாரங்களிலேயே வயிறு பெருத்துவிடும் அளவுக்கு வேகமாக வளரும், ஆனால் கீமோவுக்கு நன்றாகக் கட்டுப்படும். தொடக்க நிலையில் பிடித்தால் நூற்றில் தொண்ணூறு பேருக்கு மேல் குணமாகிறார்கள். பரவிய பிறகு வருபவர்களிலும் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். மூன்றாவதாக, சினைப்பையில் ஹார்மோன் சுரக்கும் செல்களில் தொடங்கும் கிரானுலோசா செல் கட்டி என்று ஒன்று. இது மெதுவானது, பொறுமையானது. 10, 15 ஆண்டு கழித்துக்கூடத் திரும்பி வரும். ஜெர்ம் செல் கட்டி திரும்புவதென்றால் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுக்குள் திரும்பிவிடும். ஆக, ஒருவரிடம் ‘அஞ்சு வருஷம் ஆச்சு, இனி பயமில்லை’ என்று சொல்லலாம். இன்னொருவரிடம் அதையே சொல்லி அனுப்பினால் தப்பாகப் போய்விடும். பயாப்சி முடிவின் முழுப் பெயர், நிலை, ஆபரேஷனில் எதை எடுத்தார்கள், எதை விட்டுவைத்தார்கள் என்பவைதான் தாளின் முதல் நான்கு வரிகளாக இருக்க வேண்டும்.

எதை விட்டுவைத்தார்கள் என்பது பெரிய விஷயம். ஜெர்ம் செல் கட்டி பெரும்பாலும் ஒரு பக்கச் சினைப்பையில்தான் வருகிறது. டிஸ்ஜெர்மினோமா மட்டும் நூற்றில் 10 முதல் 15 பேருக்கு இரண்டு பக்கமும் இருக்கலாம். அந்தப் பக்கச் சினைப்பையையும் கருக்குழாயையும் மட்டும் எடுத்து, கருப்பையையும் மறுபக்கத்தையும் காப்பாற்றுவதுதான் இளம் பெண்களுக்கான முறை. நோய் பரவிய நிலையிலும் இந்த வகைக்கு அது பொருந்தும், கீமோ மீதியைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் நடைமுறையில் கோளாறு இங்கேதான் தொடங்குகிறது. கட்டி முறுக்கிக்கொண்டு, தாங்க முடியாத வலியோடு ஒரு பெண் நள்ளிரவில் வருகிறார். ஸ்கேனில் ‘சிஸ்ட்’ என்று எழுதியிருக்கிறது. அவசரத்தில் லேப்ராஸ்கோப்பியில் உள்ளே போய்க் கட்டியைக் குத்தி நீரை உறிஞ்சி எடுக்கிறார்கள், அல்லது துண்டாக்கி வெளியே கொண்டுவருகிறார்கள். பயாப்சியில் புற்று என்று வந்தால், சினைப்பைக்குள் அடங்கியிருந்த 1ஏ நிலை நோய் நம் கையாலேயே, கட்டி உடைந்து சிந்திய 1சி நிலை ஆகிவிட்டிருக்கும். கீமோவே தேவைப்படாமல் போயிருக்கக்கூடிய சிலருக்கு அதனால் கீமோ தேவைப்படுகிறது.

இதைத் தடுக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். முப்பது வயதுக்குக் கீழே, சினைப்பையில் திடப்பகுதியுள்ள கட்டியோடு வரும் எவருக்கும், கத்தி வைக்கும் முன் ஒரு குழாய் ரத்தம் எடுத்து வைத்துவிட வேண்டும். அதில் பார்க்க வேண்டியவை, கட்டி இருந்தால் ரத்தத்தில் ஏறக்கூடிய ‘மார்க்கர்’கள்: ஏ.எஃப்.பி., பீட்டா எச்.சி.ஜி., எல்.டி.எச்., கூடவே சி.ஏ.125. முடிவு மறுநாள் வந்தாலும் பரவாயில்லை. ஆபரேஷனுக்கு முன்பிருந்த அளவு தெரியாவிட்டால், பிறகு அது சரியாக இறங்குகிறதா என்று சொல்லவே முடியாது. ஏ.எஃப்.பி. ஐந்திலிருந்து ஏழு நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைய வேண்டும். அந்தக் கணக்கு தொடக்கப் புள்ளி இருந்தால்தான் நிற்கும். கட்டியை உடைக்காமல் பைக்குள் போட்டு எடுக்க முடியாதென்றால், கீறல் பெரிதானாலும் வயிற்றைத் திறந்து முழுதாக எடுப்பதே மேல். நீர் கோத்த வயிறும் ஏறிய சி.ஏ.125-ம் நம் ஊரில் வயிற்றுக் காசநோயிலும் வரும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. அதைப் புற்று என்று நம்பி, இருபது வயதுப் பெண்ணின் கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டால் அதை யாராலும் திருப்பித் தர முடியாது.

இரண்டு சினைப்பைகளையும் எடுத்தே ஆக வேண்டிய நிலை சிலருக்கு வரும். அவர்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நாங்கள் பார்க்கும் துன்பங்களில் மிக எளிதாகத் தவிர்த்திருக்கக்கூடியது அவர்களுடையதுதான்.

இயற்கையாக மாதவிடாய் நிற்கும்போது ஹார்மோன் சில ஆண்டுகளில் படிப்படியாகக் குறையும். ஆபரேஷனில் அது ஒரே நாளில் அறுந்துபோகிறது. சில நாட்களிலேயே முகத்தில் அனல் அடிக்கும், நடுஇரவில் துணி நனைய வியர்க்கும், தூக்கம் போகும், சொல்ல வந்த சொல் மறக்கும். யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் அந்தப் பெண் இதைக் காய்ச்சல் என்று நினைக்கிறார். அம்மா ‘நோய் திரும்ப வந்துடுச்சோ’ என்று பயப்படுகிறார். ரத்தப் பரிசோதனை, சி.டி. ஸ்கேன், ஒன்றும் இல்லை என்ற முடிவு. கடைசியில் ‘மனசுதான் காரணம்’ என்று ஒரு தூக்க மாத்திரை. உண்மையில் அவருக்கு வேண்டியது, சினைப்பை சுரந்துவந்த ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன்.

‘கேன்சர் வந்தவங்களுக்கு ஹார்மோனே கூடாது’ என்ற விதி மார்பகப் புற்றுநோயிலிருந்து வந்து இங்கே ஒட்டிக்கொண்டது. ஜெர்ம் செல் கட்டிக்குப் பிறகு ஹார்மோன் கொடுக்கலாம். எபிதீலியலில் மிகுதியாக வரும் ஹை கிரேடு சீரஸ் வகைக்குப் பிறகும் பெரும்பாலும் கொடுக்கலாம். கிரானுலோசா, லோ கிரேடு சீரஸ் ஆகியவற்றில் தவிர்க்க வேண்டும். எண்டோமெட்ராய்டு வகையில் புற்றுநோய் மருத்துவரோடு பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். முன்பு ரத்தக்கட்டு வந்தவருக்கு மாத்திரையைவிடத் தோலில் தடவும் ஜெல்லோ ஒட்டும் பட்டையோ பாதுகாப்பானது. அளவிலும் ஒரு பிழை நடக்கிறது: ஐம்பது வயதுப் பெண்ணுக்கு எழுதும் குறைந்த அளவையே இருபத்தைந்து வயதுக்கும் எழுதுகிறார்கள், அது போதுவதில்லை. எஸ்ட்ராடையால் என்ற ஈஸ்ட்ரோஜன் மாத்திரை நாளொன்றுக்கு 2 மில்லிகிராம், அல்லது 50 முதல் 100 மைக்ரோகிராம் பட்டை என்பது இளம் வயதுக்குப் பொதுவான அளவு. கருப்பை இருந்தால் ஈஸ்ட்ரோஜனைத் தனியாகக் கொடுக்கவே கூடாது. உள்சுவர் தடித்து அங்கே புற்று வரலாம் என்பதால் மாதம் 12 நாள் இரவில் 200 மில்லிகிராம் புரோஜெஸ்டிரோன் சேர வேண்டும். கருப்பை எடுக்கப்பட்டவருக்கு அது தேவையில்லை. முதல் வரிகளில் ‘எதை விட்டுவைத்தார்கள்’ என்று எழுதச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

எத்தனை நாள் என்று கேட்பார்கள். வழக்கமாக மாதவிடாய் நிற்கும் வயது வரை, ஏறத்தாழ ஐம்பது வரை. மூன்று மாதம் கொடுத்து நிறுத்துவது, எலும்புக்கும் இதயத்துக்கும் கிடைக்க வேண்டிய காப்பைப் பாதியில் பிடுங்குவது போல. ஹார்மோன் கூடாதவர்களுக்கும் வழி இருக்கிறது: அனலுக்கு வென்லாஃபாக்சின் சிறிய அளவில், இரவு வியர்வைக்குப் படுக்கும்போது கேபபென்டின். இவற்றையெல்லாம் மெடிக்கல் ஷாப்பில் தாமாக வாங்கக் கூடாது, மருத்துவர் எழுதியே கொடுக்க வேண்டும். ஆனால் எழுத வேண்டும், அதுதான் எங்கள் கோரிக்கை.

முதல் ஆண்டிலேயே எலும்பின் அடர்த்தியைக் காட்டும் டெக்ஸா ஸ்கேன் ஒன்று எடுத்துத் தொடக்க அளவைக் குறித்துக்கொள்வது நல்லது. கால்சியம் நாளைக்கு 1000 மில்லிகிராம் என்பது கணக்கு. நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350, ஒரு டம்ளர் பாலில் 240 கிடைத்துவிடும். காலையில் கேழ்வரகுக் கூழ், மதியம் தயிர், முருங்கைக்கீரை, எள்ளுருண்டை என்று நம் சமையலறையே முக்கால் பங்கைத் தந்துவிடும், மீதிக்குத்தான் மாத்திரை. உடற்பயிற்சி வாரத்துக்கு 150 நிமிடம், அதோடு இரண்டு நாள் எடை தூக்கும் பயிற்சி. நடுவயிற்றில் நீளக் கீறல் போட்டவர்கள் முதல் ஆறு முதல் எட்டு வாரம் தண்ணீர்க் குடம், சிலிண்டர், குழந்தை எதையும் தூக்கக் கூடாது; உள்தையல் பிரிந்துபோனால் குடலிறக்கம் வரும். அதற்குப் பிறகு தூக்க வேண்டும். ‘நீ ஒண்ணும் செய்யாதே, உட்காரு’ என்று ஆண்டுக்கணக்கில் உட்கார வைப்பது பாசம்தான், ஆனால் எலும்பை அது உளுத்துப்போக வைக்கிறது. ஆடத் தெரிந்த பெண் ஆடட்டும். எலும்புக்கு அதைவிட நல்ல பயிற்சி நாங்கள் அறிந்து குறைவு.

இனி கையும் காலும். கீமோ மருந்துகளில் சிஸ்பிளாட்டினும் பேக்லிடாக்சலும் நரம்பு நுனியைத் தாக்குபவை. விரலிலும் பாதத்திலும் மரத்துப்போதல், எறும்பு ஊர்வது போல, ஊசி குத்துவது போல. சிஸ்பிளாட்டினில் இன்னொரு சிக்கல், கீமோ நின்ற பிறகும் சில மாதம் இது கூடிக்கொண்டே போகலாம். இதை முன்பே சொல்லாவிட்டால் அந்தப் பெண் நோய் திரும்பியதாகவே எடுத்துக்கொள்வார். செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் நடப்பார்கள். சூடான பாத்திரத்தைப் பிடித்து, தோல் கொப்பளித்த பிறகே உணர்வார்கள். அதனால் பின்பட்டை வைத்த செருப்பு, அடுப்படியில் எப்போதும் பிடிதுணி, குளிக்கும் வெந்நீரை முழங்கையால் சோதிப்பது, இரவில் கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒரு சின்ன விளக்கு. எரிச்சலான வலிக்குப் பயன் தெரிந்த மருந்து டுலோக்செட்டின். 30 மில்லிகிராமில் தொடங்கி 60 வரை. வெறும் பி12 ஊசியை மாதக்கணக்கில் போடுவது, குறைபாடு இருந்தாலொழிய, உதவாது.

பயிற்சிக்குத் தனிக் கருவி வேண்டாம். தட்டில் கொட்டிய பயறிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்குவது, மாவில் கோலப் புள்ளி வைப்பது, பூத்தொடுப்பது. முதல் வாரம் நாருக்குப் பதில் தடித்த நூலும், மல்லிக்குப் பதில் செவ்வந்தியும் கொடுக்கிறோம். பிடி வந்த பிறகு மல்லிகை மொட்டு. நாளுக்குப் பத்து நிமிடம் இருமுறை. பாதத்துக்கு, சுவரைப் பிடித்து ஒற்றைக் காலில் நிற்பது. முப்பது வினாடி நிற்க முடிந்தால் கையை எடுத்துவிட்டு. பெரும்பாலோருக்கு ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் நல்ல முன்னேற்றம் தெரியும். சிலருக்கு ஓரளவு மரத்த தன்மை நிலைத்தும்விடும். தான் கட்டிய சரத்தைத் தன் தலையில் வைத்துக்கொள்ளும் நாளுக்கு முடியும் வளர்ந்திருக்கும். கீமோ முடிந்து மூன்று நான்கு வாரத்தில் பூஞ்சையாக முளைத்து, நேர்முடியாக இருந்தவருக்குச் சுருளாகக்கூட வரும்.

இடுப்புப் பகுதி நிணக்கணுக்களை எடுத்தவர்களுக்குக் காலில் நீர் கோக்கலாம். மெட்டியும் கொலுசும் இறுகினால் அதுதான் முதல் அடையாளம். கழற்றிவிட்டு அன்றே வர வேண்டும். தொடக்கத்தில் அழுத்தக் காலுறையில் அடங்கிவிடும், விட்டால் தோல் தடித்துப்போகும். பித்தவெடிப்புக்கு எண்ணெய் தடவுவதும் வெறுங்காலோடு வயலில் இறங்காமலிருப்பதும் இந்தக் காலுக்கு மருத்துவம்தான், ஏனென்றால் ஒரு சின்ன வெட்டு வழியாகக் கிருமி ஏறிக் கால் முழுக்கச் சிவந்துவிடும்.

எங்களை அதிகம் கவலைப்பட வைப்பது ப்ளியோமைசின். ஜெர்ம் செல் கட்டிக்கான வழக்கமான கீமோவில் வாரம் 30 யூனிட் வீதம், 21 நாள் சுற்று மூன்றில் மொத்தம் 270 யூனிட் உடலில் இறங்குகிறது. அது நுரையீரலைத் தழும்பாக்கலாம். வறட்டு இருமல், படியேறினால் மூச்சு வாங்குதல் என்று தொடங்கும். சிகிச்சை நல்லபடியாக முடிந்து, நான்கு ஆண்டு கழித்து அதே பெண் பிரசவத்துக்காக வேறொரு மருத்துவமனைக்குப் போகிறார். அவசர சிசேரியன். மயக்க மருந்து கொடுப்பவருக்குப் பழைய கதை தெரியாது. தேவைக்கு மேல் ஆக்சிஜன் கொடுத்தால் அந்த நுரையீரல் பாதிக்கப்படும் அபாயம் உண்டு. தெரிந்திருந்தால் தேவையான அளவோடு நிறுத்தி, முதுகுத்தண்டில் போடும் மயக்க ஊசி, சலைன் எல்லாவற்றையும் அதற்கேற்பத் திட்டமிட்டிருப்பார். இந்த ஒரு வரி, ‘ப்ளியோமைசின் பெற்றவர், மொத்த அளவு இவ்வளவு’ என்பது, தாளில் சிவப்பு மையில் இருக்க வேண்டும். கர்ப்பம் பதியும் பிக்மி பதிவிலும் ஏற வேண்டும். புகைப்பவர் வீட்டில் இருந்தால் அவர் வெளியே போய்ப் புகைக்கட்டும்.

சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தையும் காதையும் தொடும். உடல்வலி என்று டைக்ளோஃபினாக் வாங்கி விழுங்குவதை இவர்கள் நிறுத்த வேண்டும்; இரவில் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தால் மெக்னீசியம் குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காதில் முதலில் போவது கீச்சென்ற உயர் ஒலி. கல்யாண மண்டபச் சத்தத்தில் எதிரே பேசுபவர் சொல்வது புரியாமல் போகும். அழைத்தால் திரும்பவில்லை, ஒதுங்கிப் போகிறாள் என்று வீட்டில் மனத்தாங்கல் வருகிறது, அதற்கு ஒரு ஆடியோகிராம் எடுத்துப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும்.

திரும்பி வருமோ என்ற பயத்தைப் பற்றி. முதல் இரண்டு ஆண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஐந்தாம் ஆண்டு வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை என்பது பொதுவான கண்காணிப்பு முறை. ஜெர்ம் செல் கட்டியில் மார்க்கர் பார்ப்பது மிக முக்கியம். ஏறினால் உடனே சிகிச்சை, அப்போதும் குணமாக்க வாய்ப்பு உண்டு. எபிதீலியலில் கதை வேறு. அறிகுறி எதுவும் இல்லாதபோது சி.ஏ.125 ஏறியது என்பதற்காக மட்டும் முன்கூட்டியே கீமோ தொடங்குவதால் ஆயுள் கூடவில்லை என்று 2010-ல் லான்செட் இதழில் வந்த பெரிய ஆய்வு காட்டியது. மாதவிடாய் நாளில்கூட அந்த எண் கொஞ்சம் ஏறும். ஆனாலும் மாதாமாதம் தனியார் லேபில் பார்த்து, 18 என்பது 22 ஆனதற்கு ஒரு வாரம் அழுபவர்கள் இருக்கிறார்கள். எந்தப் பரிசோதனை, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, எந்த எண்ணைத் தாண்டினால் போன் செய்ய வேண்டும் என்று மூன்றும் எழுதிக் கொடுத்தால் இந்தக் கண்ணீரில் பாதி நின்றுவிடும். கூடவே, தேதிக்குக் காத்திராமல் வர வேண்டிய அறிகுறிகள்: இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் வயிற்று உப்புசம், நாலு வாய் உண்டதும் நிறைந்துபோதல், அடிக்கடி சிறுநீர், மூச்சுத் திணறல்.

பயம் தூக்கத்தையும் வேலையையும் தின்னும் அளவு போனால் அதற்கும் சிகிச்சை உண்டு. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழில் பேசலாம். தாளில் அது அச்சாகி இருக்கட்டும். சோதனைக்கு முந்தைய வாரம் பயம் உச்சத்தில் இருக்கும். ரத்தம் எடுக்கும் நாளையும் முடிவு சொல்லும் நாளையும் ஒரே வாரத்தில் அமைத்தால் மருத்துவமனைக்குச் செலவு ஏதும் இல்லை.

இந்த நேரத்தில் முள்சீத்தாப்பழத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். கீமோவைவிட வலிமையானது என்று வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதற்கு ஆதாரம் இல்லை. நரம்பைக் கெடுக்கக்கூடிய பொருள் அதில் இருப்பது மட்டும் தெரியும். ஏற்கெனவே நரம்பு நொந்த கைகால்களுக்கு அது வேண்டவே வேண்டாம்.

கல்யாணம், குழந்தை. இந்தப் பேச்சை மருத்துவர் தொடங்காவிட்டால், அந்தப் பெண் கூச்சத்தில் கேட்கவே மாட்டார். ஒரு சினைப்பையும் கருப்பையும் இருந்தால், ஜெர்ம் செல் கீமோ முடிந்த சில மாதங்களில் பெரும்பாலோருக்கு மாதவிடாய் திரும்பிவிடுகிறது. அந்த முதல் மாதவிடாய் நாளில் அம்மாவும் மகளும் சேர்ந்து கொண்டாடும் மகிழ்ச்சியைப் பார்த்தவர்கள், இதை வெறும் மருத்துவக் குறிப்பு என்று எண்ண மாட்டார்கள். ஏ.எம்.எச். குறைவாக வந்தால் உடனே ‘குழந்தை பிறக்காது’ என்று சொல்லிவிடுகிறார்கள். அது முட்டையின் கையிருப்பைக் காட்டும் எண், கருத்தரிக்கும் வாய்ப்புக்குத் தீர்ப்பு இல்லை. கீமோ காலத்தில் கருத்தடை கட்டாயம். முடிந்த பிறகு ஓராண்டு முதல் இரண்டாண்டு காத்திருக்கச் சொல்வது வழக்கம். கீமோவுக்குப் பிறகு கருவான குழந்தைகளுக்குப் பிறவிக் குறைபாடு கூடுவதாக ஆய்வுகளில் தெரியவில்லை. இதையும் எழுத்தில் கொடுங்கள், ஏனென்றால் மாமியார் வீட்டில் முதலில் கேட்கப்படும் கேள்வி அதுதான்.

பிற்காலக் குழந்தைக்காகக் கீமோவுக்கு முன்பே முட்டையை எடுத்து உறையவைக்கப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். இன்று மாதவிடாய் எந்த நாளில் இருந்தாலும் ஊசி தொடங்கலாம். நோய் அனுமதிக்கும் அளவு நேரம் இருக்கிறதா என்பதைப் புற்றுநோய் மருத்துவரும் கருத்தரிப்பு மருத்துவரும் ஒரே நாளில் பேசி முடிக்க வேண்டும்; ஒரு வாரம் ஓ.பி. வரிசையில் போனால் அந்த வாய்ப்பே போய்விடும். 2021-ம் ஆண்டின் உதவி இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டம் 21 வயது நிறைந்த மணமாகாத பெண்ணையும் இதற்கு அனுமதிக்கிறது. அதே ஆண்டின் வாடகைத்தாய்ச் சட்டத்தில் மணமாகாதவருக்கு இடமில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை இருக்கிறது. புற்றுநோய்ச் சிகிச்சைக்கு முந்தைய முட்டை உறைவிப்புக்கும் அதில் தெளிவான இடம் வேண்டும். தத்தெடுக்க விரும்பும் பெண்ணுக்கு, தனியாக வாழ்பவரானாலும், சட்டம் வழிவிடுகிறது. ஆனால் உயிருக்கு ஆபத்தான நோய் இல்லை என்று மருத்துவச் சான்று தேவை. ‘புற்றுநோயாளி’ என்று மொட்டையாக எழுதித் தராமல், ‘சிகிச்சை முடிந்தது, இத்தனை ஆண்டாக நோயின் தடயம் இல்லை’ என்று எழுதும் பழக்கம் நம் மருத்துவமனைகளில் வர வேண்டும். வேலைக்கான உடல்தகுதிச் சான்றுக்கும் இதே வரிதான்.

தாம்பத்தியத்தில் வறட்சியும் வலியும் இருந்தால் நீரில் கரையும் வழவழப்பு ஜெல் எளிய தீர்வு; ஹார்மோன் அனுமதி உள்ளவர்களுக்கு உள்ளே தடவும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு. செவிலியர் தனியறையில் கதவைச் சாத்திக்கொண்டு, கணவரையும் மாமியாரையும் வெளியே உட்காரவைத்து, ‘வலி இருக்கா?’ என்று நேராகக் கேட்டால் சொல்கிறார்கள்.

எபிதீலியல் வகை வந்த ஒவ்வொருவருக்கும், மாறியிருந்தால் இந்தப் புற்றின் அபாயத்தைக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ. மரபணுவின் பரிசோதனை வழங்கப்பட வேண்டும். மாற்றம் இருந்தால் பிள்ளைகளுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அண்ணன் தம்பி வழியாகவும் அது இறங்கும். அக்காவுக்குக் குறைந்தபட்சம் சொல்லி அனுப்பவாவது வேண்டும், நோய் வருவதற்கு முன்பே தடுக்கக்கூடியவர் அவர்தான். மரபணு ஆலோசகர் இல்லாத மாவட்டங்களுக்கு வாரம் ஒரு நாள் காணொலி ஆலோசனை போதும்.

1954-ல், தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அடையாறில் புற்றுநோய் நிறுவனத்தைத் தொடங்கியபோது, பிழைக்க வைப்பதே பெரும் போராட்டம். இன்று பிழைத்தவர்கள் ஊர் ஊராக இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்கப் புதிய கட்டடம் தேவையில்லை. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் இயன்முறை மருத்துவர் ஏற்கெனவே வீட்டு வாசலுக்குப் போகிறார். பக்கவாதம் வந்த தாத்தாவைப் பார்த்துவிட்டு அடுத்த தெருவில் இந்தப் பெண்ணின் விரலையும் பாதத்தையும் பார்க்க அவருக்கு ஒரு பட்டியலும் அரை நாள் பயிற்சியும் கொடுத்தால் போதும். அதே குழுவின் செவிலியர் ஆண்டுக்கு ஒருமுறை ரத்த அழுத்தம், சர்க்கரை, எடை பார்த்து எழுதலாம். இளவயதில் ஹார்மோன் இழந்தவருக்கு இதய நோய் முன்கூட்டி வரக்கூடும். சோதனைக்குச் சென்னைக்கோ மதுரைக்கோ வருபவர்களுக்கு ரயிலில் புற்றுநோயாளிச் சலுகை உண்டு, துணைக்கு வருபவருக்கும் சேர்த்து. அதற்கான படிவத்தில் மருத்துவமனை கையெழுத்திட வேண்டும். கேட்ட பிறகு தேடாமல், தாளோடு சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.

தாளை யார் நிரப்புவது என்ற கேள்வி வரும். கடைசிச் சுற்றுக்கு முந்தைய சுற்றின்போது, சலைன் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில், பயிற்சி பெற்ற செவிலியர் பெண்ணின் பக்கத்தில் அமர்ந்து இருபது நிமிடத்தில் நிரப்பலாம். மருத்துவர் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். மூன்று பிரதி: ஒன்று பெண்ணுக்கு, ஒன்று மருத்துவமனை ஃபைலுக்கு, ஒன்று அவர் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு. பெண்ணின் பிரதியை லேமினேட் செய்ய வேண்டாம். ஒவ்வொரு சோதனையின் முடிவையும் அதில் எழுதிச் சேர்க்க வேண்டியிருக்கும். கடைசியில் ஒரு தொலைபேசி எண்: ஓ.பி. நேரத்தில் எடுக்கப்படும் எண்ணாக, எடுப்பவர் பெயரோடு. மாதிரித் தாளைத் தயாரித்து வைத்திருக்கிறோம். முதலில் இரண்டு மாவட்டங்களில் ஆறு மாதம் நடத்திப் பார்க்க அனுமதி கொடுத்தால், செவிலியர் பயிற்சியை நாங்களே நடத்தித் தருகிறோம்.

இப்படிக்கு,
சினைப்பைப் புற்றுநோய்க்குப் பிந்தைய பராமரிப்பில் பணியாற்றும் செவிலியர்கள், இயன்முறை மருத்துவர்கள், மனநல ஆலோசகர்கள்